இலைக்கிளி சொல்லும் கணக்கு

தீபாவளி வருகிறது. விலைவாசி ஏறிக் கிடக்கிற நேரத்தில், ‘யாருக்கு என்ன வாங்கிக் கொடுப்பது?’ என்ற கவலை ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிற வீடுகளிலும் உண்டு.

பக்கத்திலிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். ஆண்டுதோறும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு, ஆண்டாள் சூடிய மாலை திருப்பதி பெருமாளுக்குப் போகிறது. கூடவே ஒரு இலைக்கிளியும் போகும். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, கட்டுவதற்கு வாழைநார். எல்லாம் தோட்டத்துப் பொருள்தான். அதைப் பொறுமையாகக் கட்டுகிற கைதான் அதற்கு மதிப்பு.

நாமும் அப்படி, பக்கத்தில் கிடைக்கிற பொருளையே பரிசாகக் கொடுக்கலாமே! செலவுத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு பெயர்ப் பட்டியல் போடுங்கள். தங்கச்சிக்குப் பக்கத்துத் தளவாய்புரத்தில் தைத்த நைட்டி. பெரியப்பா வீட்டுக்கு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கால் கிலோ. பாலும் சர்க்கரையும்தான் அதில் சரக்கு. நாள்பட வைக்க முடியாது. அதனால் கிளம்புகிற அன்றைக்கு வாங்குங்கள், நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

விரலுக்கேத்த வீக்கம் போதும். வட்டிக்கு வாங்கித் தருகிற பரிசு, கொடுப்பவரையும் வாங்குபவரையும் சேர்த்தே வருத்தும்.