நோஸ் கோன் எவ்வளவு இறுக்கமா இருக்கணும்?

இன்னைக்கு சின்ன எபிசோட்தான். மாடல் ராக்கெட்ல ஒரே ஒரு விஷயம்: அட்டைக் குழாய்க்குள்ள இன்னொரு பாகம் எவ்வளவு இறுக்கமா உட்காரணும்? கேட்க அற்பமா இருக்கும். ஆனா பாராசூட் வெளியே வருமா வராதாங்கிறது இதுலதான் இருக்கு.

உள்ளே என்ன நடக்குதுன்னு முதல்ல பார்ப்போம். நான் இருக்கிற ஹூஸ்டன்ல ஹாபி கடைகள்ல எளிதா கிடைக்கிறது எஸ்டெஸ் கம்பெனியோட சி6-5 மோட்டார். 18 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம், உள்ளே கருமருந்து. பேர்ல இருக்கிற அந்த 5 என்னன்னா, உந்துவிசை நின்ன பிறகு 5 வினாடி காத்திருந்து, முன்பக்கமா ஒரு சின்ன வெடிப்பு நடக்கும். அந்த வாயுதான் பாராசூட்டையும் நோஸ் கோனையும் வெளியே தள்ளணும்.

நோஸ் கோன் ரொம்ப இறுகி இருந்தா? வாயு எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் போகும். மோட்டாரைப் பின்பக்கமா பிடுங்கி எறிஞ்சிடும். ராக்கெட் மூக்கு கீழே பார்த்தபடி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல தரைக்கு வரலாம். மைதானத்துல குழந்தைங்க நிக்கிற இடம் அது. சரி, ரொம்பத் தளர்வா இருந்தா? மோட்டார் அணைஞ்சதும் காற்று ராக்கெட்டோட உடம்பையும் இறக்கைகளையும் பிடிச்சு இழுக்கும், கோன் மட்டும் முன்னாடி ஓடப் பார்க்கும். முழு வேகத்துல போயிட்டிருக்கும்போதே பாராசூட் விரிஞ்சு கிழியும்.

அதனால எல்லாரும் செய்ற சோதனை ஒண்ணு இருக்கு. பாராசூட் எல்லாம் வச்ச பிறகு கோனைப் பிடிச்சு ராக்கெட்டைத் தூக்குங்க. கழலக் கூடாது. லேசா உதறினா கழலணும். இதை வீட்டு ஏ.சி.யில செஞ்சு பார்த்துட்டு விட்டுடாதீங்க, மைதானத்துல மறுபடி பாருங்க. ஹூஸ்டன் ஈரக்காத்துல பால்சா மரக் கோன் உப்பிடும். பிளாஸ்டிக் கோனுக்கு அந்தப் பிரச்சினை குறைவு.

மோட்டார் எப்பவும் கோனைவிட இறுக்கமா இருக்கணும். பல கிட்ல அதைப் பிடிக்க ஒரு கம்பிக் கொக்கி இருக்கும். இல்லன்னா மோட்டாரைச் சுத்தி மாஸ்கிங் டேப். எங்க மென்பொருள் வேலையில எதுவும் எதோடயும் இறுக்கமா ஒட்டியிருக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்துட்டாங்க. இங்க அந்த உபதேசம் எடுபடாது.

இறுக்கத்தைக் குறைக்க உப்புத்தாள்தான். ஆனா குழாயோட உள்பக்கத்தைச் சும்மா தேய்ச்சா அட்டை நார்நாரா எழும்பி இன்னும் இறுகும். கோனோட அடிப்பகுதியைத் தேய்ங்க. வெட்டின குழாய் விளிம்பு உள்பக்கமா மடங்கி இருந்தா, மெல்லிய சூப்பர் க்ளூவை விளிம்புல ஊற விட்டு, நல்லா காய்ஞ்ச பிறகு தேய்ச்சா பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாகும். ஜன்னலைத் திறந்து வச்சுச் செய்ங்க, அந்த ஆவி கண்ணை எரிக்கும். பெயின்ட் அடிக்கும்போது கோன் அடிப்பகுதியை டேப் ஒட்டி மறைச்சிடுங்க. ஒரு பூச்சு பெயின்டே போதும், கோன் உள்ளே போகாது. தளர்வா இருந்தா டேப்பை முழுச் சுத்து ஒட்டுங்க. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா கோன் சாய்ஞ்சு நிக்கும்.

இப்போ பலரை அழ வைக்கிற இடம்: ரெண்டு குழாயை இணைக்கிற கப்ளர். இது கழலவே வேண்டாம், ஒட்டணும். பசை இல்லாம வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும். மரத்துக்குப் போடுற வெள்ளை, மஞ்சள் பசை தடவினதும் பாதியில நின்னுடும், நின்னா நின்னதுதான். காரணம், அந்தப் பசையில இருக்கிற தண்ணீர். அட்டை அதைக் குடிச்சு உப்பிடுது. அதனால பாதி நீளத்துல பென்சில் கோடு போட்டுக்கோங்க. பசையைக் கப்ளர் மேல தடவாம குழாய்க்குள்ள தடவுங்க, அப்போதான் வெளியே பிதுங்காது. அப்புறம் ஒரே தள்ளு. நடுவுல யோசிக்க நிறுத்தாதீங்க, போன் அடிச்சாலும் எடுக்காதீங்க. அவ்வளவு பதற்றம் வேண்டாம்னா எபாக்ஸி போடுங்க. அதுல தண்ணீர் இல்ல, சரி பண்ண நேரம் கிடைக்கும். கொஞ்சம் எடை கூடும். பெரிய குழாய்க்கு என்னோட ஓட்டு எபாக்ஸிக்குத்தான்.

ரெண்டு மூணு தடவை பறந்த ராக்கெட்ல குழாயோட மேல் விளிம்பைத் தடவிப் பாருங்க, கரி படிஞ்சு சொரசொரன்னு இருக்கும். துடைச்சு, லேசா டால்கம் பவுடர் போட்டு, மறுபடி அந்தத் தூக்கிப் பார்க்கிற சோதனை. அதே பவுடர் பாராசூட் ஒட்டிக்காம இருக்கவும் உதவும். பாராசூட்டை எப்படி மடிக்கிறதுன்னு அடுத்த எபிசோட்ல பேசுவோம்.