மூன்று படி அரிசியிலிருந்து முதல் கையெழுத்து வரை

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பேசுகிறேன்.

புதிய அரசு ஒன்று பொறுப்பேற்று நூறு நாள் ஆனால் போதும், தேர்தல் வாக்குறுதியை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரும் மதிப்பெண் போட உட்கார்ந்துவிடுகிறோம். டீக்கடையிலும் இதுதான் பேச்சு, தொலைக்காட்சியிலும் இதுதான் பேச்சு. கேட்பது நம் உரிமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நூறு நாளில் போடுகிற மதிப்பெண் தமிழ்நாட்டு வரலாற்றில் எத்தனை முறை சரியாக இருந்திருக்கிறது? அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

நூறு நாள் கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1933 மார்ச் 4-ஆம் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அங்கே குடியரசுத் தலைவரானார். நாடு முழுக்க வங்கிகள் மூடிக் கிடந்த நேரம். நாடாளுமன்றத்தைச் சிறப்புக் கூட்டமாகக் கூட்டி, ஜூன் நடுப்பகுதிக்குள் சட்டத்துக்கு மேல் சட்டமாக நிறைவேற்றினார். அந்த ஜூலையில் வானொலியில் பேசும்போது அவரே நூறு நாள் என்று குறிப்பிட்டார். ஒரு பெரும் நெருக்கடிக்கு நடுவே, பணம் ஒதுக்கவும் சட்டம் போடவும் முழு அதிகாரம் இருந்த ஓர் அரசின் கணக்கு அது. மாநில அரசு ஒன்றுக்கு அதை அப்படியே பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 1967-ஐ விட நல்ல பாடம் கிடையாது.

1965, 66-இல் மழை பொய்த்து இந்தியா முழுக்கத் தானியத் தட்டுப்பாடு. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். சென்னை மாநிலத்தில் அரிசிக்கு அலைந்த கோபம் ஒரு பக்கம், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் கோபம் இன்னொரு பக்கம். முதலமைச்சர் பக்தவத்சலத்தை அண்ணாச்சி என்று விளித்து, அரிசி விலை என்னாச்சு என்று கேட்ட முழக்கம் ஊர் ஊராகப் பரவியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி தருவோம் என்றது தி.மு.க. மூன்று படி என்றால் ஏறத்தாழ நாலரைக் கிலோ. நடக்குமா என்று கேட்டவர்களுக்கு, மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று பதில் வந்தது. விருதுநகரில் காமராஜரும் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலமும் தோற்றார்கள். 1967 மார்ச் 6-ஆம் தேதி அண்ணா முதலமைச்சரானார்.

அந்த மே மாதமே ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கிவிட்டது. பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நிச்சயம் என்று சொன்னது வந்துவிட்டது என்று அன்றைக்கு ஒருவர் மதிப்பெண் போட்டிருந்தால் அள்ளித்தான் கொடுத்திருப்பார்.

ஆனால் அது சென்னையிலும் கோவையிலும் மட்டும். நம் பக்கத்துப் பாபநாசம் மில் தொழிலாளியின் வீட்டுக்கு வரவில்லை. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரைப் போல இந்த விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிற ஊர் குறைவு. 1880-களில் பாபநாசத்துத் தண்ணீரின் வேகத்தை நம்பி ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை கட்டினார்கள். அதைச் சுற்றித்தான் வி.கே.புரம் என்று நாம் சொல்கிற விக்கிரமசிங்கபுரம் தொழிலாளர் ஊராக வளர்ந்தது. மில்லுக்கு வெளியே கால் வைத்தால் தாமிரபரணிப் பாசனம், கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். சம்பளத்தை வாங்கி அரிசி வாங்குகிறவரும், நெல்லை விற்றுக் குடும்பம் நடத்துகிறவரும் ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே வருகிற ஊர் இது. அரிசி விலை குறைய வேண்டும் என்பது ஒருவருக்கு உயிர்ப் பிரச்சினை. நெல்லுக்கு விலை வேண்டும் என்பது மற்றவருக்கு உயிர்ப் பிரச்சினை. இருவருக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை அரசுதான் தன் பணத்தால் நிரப்ப வேண்டும். மேடையில் மூன்று படி என்று சொன்னபோது அந்தப் பள்ளம் கண்ணில் படவில்லை. கோட்டைக்குள் போனதும் பட்டது. மத்திய அரசிடமிருந்து வேண்டிய உதவி வரவில்லை. இரண்டு நகரங்களுக்கு மேல் திட்டத்தை நீட்ட முடியவில்லை, பிறகு அந்த விலையையும் தொடர முடியாமல் போனது. மூன்று படி எங்கே என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதே அரசின் இன்னொரு வேலையைப் பாருங்கள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கும் தீர்மானம் 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் பெயர் அன்றைக்கே மாறிவிடவில்லை. டெல்லியில் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டியிருந்தது. 1969 ஜனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 3-ஆம் தேதி, அண்ணா காலமானார். நூறாவது நாளில் பார்த்திருந்தால் அரிசிக்கு முழு மதிப்பெண், பெயருக்குப் பூஜ்யம். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் தலைகீழ்.

மூன்று படி அத்தோடு செத்துப்போயிற்றா என்றால், இல்லை என்பதே என் கருத்து. மலிவு விலையில் அரிசி தருவது அரசின் கடமை என்பதை அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்தக் கட்சியாலும் மறுக்க முடியவில்லை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. கொள்முதல் நிலையம், கிடங்கு, லாரி, ரேஷன் கடை என்று ஒரு நீண்ட சங்கிலி உருவானது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். 1997-இல் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கே சலுகை என்று மத்திய அரசு பிரித்தபோதும், எல்லோருக்கும் உண்டு என்ற முறையைத் தமிழ்நாடு விடவில்லை.

இப்போது 2006-க்கு வாருங்கள். கிலோ இரண்டு ரூபாய் அரிசி என்ற வாக்குறுதியில் கருணாநிதி மே 13-ஆம் தேதி பதவியேற்ற மேடையிலேயே கையெழுத்துப் போட்டார். ஜூன் 3-ஆம் தேதி ரேஷன் கடைகளில் அரிசி அந்த விலைக்கு வந்துவிட்டது. மூன்றே வாரம்! 2011-இல் ஜெயலலிதா மே மாதம் பதவியேற்று, ஜூன் 1 முதல் விலையில்லா அரிசி கொடுத்தார். 1967-இல் இரண்டு நகரத்தோடு நின்ற திட்டம் 2006-இல் வி.கே.புரம் வரை மூன்று வாரத்தில் எப்படி வந்தது? கடை இருந்தது, கிடங்கு இருந்தது, குடும்ப அட்டை இருந்தது. நாற்பது ஆண்டுகளாக இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் யாரோ கட்டி வைத்தது. அதே 2006-இல் நிலமற்றவருக்கு இரண்டு ஏக்கர் நிலம் என்றும் சொன்னார்கள். விலையை ஒரு கையெழுத்தில் குறைக்கலாம், நிலத்தை அப்படி உண்டாக்க முடியாது. அந்த வாக்குறுதி சொன்ன அளவுக்குப் போய்ச் சேரவில்லை.

பேருந்தும் அரிசியைப் போலத்தான். 2021 மே 7-இல் மு.க. ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது. மறுநாளே நடைமுறை. இது சாத்தியமானதற்குக் காரணம், பேருந்து அரசுடையது என்பதுதான். டி.வி.எஸ். போன்ற பெரிய நிறுவனங்களின் பேருந்துகளை 1970-களின் தொடக்கத்தில் அரசு எடுத்துக்கொண்டது. 1974-இல் திருநெல்வேலியில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தனியார் பேருந்தாகவே இருந்திருந்தால் மே 8-ஆம் தேதி காலையில் யாரும் டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்க முடியாது. பீடிக் கட்டை ஒப்படைக்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் கையில் காசு எண்ணிக்கொண்டு நின்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே சமயம், நகரப் பேருந்துக்கு மட்டும்தான் அது. அம்பாசமுத்திரத்துக்கு டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகிற பெண், திருநெல்வேலிக்குப் புறநகர்ப் பேருந்து ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். கோட்டையிலிருந்து பார்த்தால் வாக்குறுதி நிறைவேறிவிட்டது. பாபநாசத்திலிருந்து பார்த்தால் பாதி வழிக்கு நிறைவேறியிருக்கிறது.

பணம் பெரிதாகத் தேவைப்படுகிற வாக்குறுதி வேறு வேகத்தில் நகரும். 2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். ஆகஸ்ட் 9-இல் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வைத்தார், அரசின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றார். திருத்திய பட்ஜெட் வந்ததே ஆகஸ்ட் 13-இல். நூறு நாள் கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில்தான் பணக்கணக்கே சபைக்கு வருகிறது என்பதைக் கவனியுங்கள். பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்போம் என்றவர்கள் அன்றைக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அந்த 1,000 ரூபாய், உரிமைத் தொகை என்ற பெயரில், 2023 செப்டம்பர் 15-இல்தான் வந்தது. வரும்போது வருமானம், நிலம், மின்சாரப் பயன்பாடு என்று வரம்புகளோடு வந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கிடைத்தது பெரிய காரியம். ஓட்டுக் கேட்டு வந்தபோது சொல்லாத வரம்பைப் பணம் கொடுக்கும்போது சொன்னது குறை. இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை நீக்குவோம் என்றது இன்னொரு வகை. 2021 செப்டம்பர் 13-இல் விலக்குக் கேட்டு மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். கடைசியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சபையில் அறிவித்தார். முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தன் கையில் இல்லாத அதிகாரத்தை இருப்பதுபோல் மேடையில் சொன்னதற்கு மதிப்பெண் குறைக்கத்தான் வேண்டும். அதை நம்பிப் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால் நான் செய்கிற முறை இது. ஒரு நோட்டில் வாக்குறுதி ஒவ்வொன்றுக்கும் நான்கு தேதி எழுத இடம் விடுங்கள். சொன்ன தேதி, அரசாணை வந்த தேதி, பட்ஜெட்டில் பணம் ஒதுக்கிய தேதி, நம் தெருவில் கையில் கிடைத்த தேதி. முதல் மூன்றும் செய்தித்தாளில் கிடைக்கும். நான்காவதை நாம்தான் எழுத வேண்டும். பக்கத்திலேயே, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

அந்தக் கட்டம் நிரம்பினால், நகராட்சி வார்டில் ஏரியா சபை கூடும்போது எழுந்து கேளுங்கள். அங்கே பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவில் ஏன் கிடைக்கவில்லை என்று எழுதாதீர்கள், அதற்கு மழுப்பலான பதில்தான் வரும். நம் நகராட்சியில் எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது, எத்தனை எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். வந்த பதிலை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த காணொளியில் சேர்த்து வைத்துப் பேசலாம்.