மரச்சில்லுக் கணக்கும் நம் கூலிக் கணக்கும்

(கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ரப்பர் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



ரப்பர் தோட்டத்துக் கிராணி தேயிலை மலைக்கு வந்து மரச்சில்லைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கூலிப் பேச்சுக்கு உட்காரும்போதெல்லாம் "ஏற்றுமதி மதிப்பு விழுந்துவிட்டது" என்று ஒரு காகிதத்தை நம் முன்னே நீட்டுகிறார்களே, அதைப் படிக்க நமக்குத் தெரியவேண்டாமா? நம் சொந்தச் சரக்கை எடுத்தால் கோபம் முந்திக்கொள்ளும், கணக்கு பிந்திவிடும். ஆகவே அயலார் சரக்கை எடுத்துக்கொண்டேன்.

மரத்தை இயந்திரத்தில் கொடுத்துச் சிறு சிறு துண்டாக நறுக்கியதுதான் மரச்சில்லு. காகிதக் கூழ் காய்ச்ச சீனாவும் ஜப்பானும் கப்பல் கப்பலாக வாங்குகின்றன. இந்த வியாபாரத்தில் நெடுங்காலம் முன்னே நின்றது ஆஸ்திரேலியா. வியட்நாம் 2001இல் ஏற்றியது சுமார் 4 லட்சம் டன்தான். 2011இல் அது 54 லட்சம் டன்னாயிற்று. அதையொட்டி ஆஸ்திரேலியாவை முந்திவிட்டது. அங்கே பெரும்பாலும் குடியானவர்கள் தங்கள் சிறு நிலத்தில் அக்கேசியா நட்டு, ஐந்தாறு வருடத்தில் வெட்டி விற்கிறார்கள்.

இரு நாட்டு மதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றால் முதலிலேயே தடுக்கும். ஆஸ்திரேலியா தன் வெள்ளியில் எழுதுகிறது; 2018-19இல் 150 கோடி டாலருக்கு மேல் என்றால் அது ஆஸ்திரேலிய டாலர். வியட்நாம் எழுதுவது அமெரிக்க டாலர். இரண்டும் டாலர்தானே என்று ஒரே பத்தியில் கூட்டுகிற கிராணியை எந்தத் துரையும் ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார்!

எடையிலும் வில்லங்கம் உண்டு. பச்சைச் சில்லில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஆகவே உலர்ந்த எடையில்தான் விலை பேசுகிறார்கள். இது நமக்குப் புதிதல்ல. 100 கிலோ பாலில் 30, 35 கிலோதான் ரப்பர் என்று சோதித்தல்லவா நமக்குக் கணக்கு எழுதுகிறார்கள்? உங்களுக்கும் 4 கிலோவுக்கு மேல் கொழுந்து போனால்தான் 1 கிலோ தூள்.

இப்போது வியட்நாம் கணக்கை மட்டும் பாருங்கள். 2021இல் சுமார் 136 லட்சம் டன், 170 கோடி அமெரிக்க டாலர். 2022இல் சுமார் 158 லட்சம் டன், 280 கோடி. 2023இல் சுமார் 144 லட்சம் டன், 220 கோடி. முதல் வருடத்திலிருந்து இரண்டாம் வருடத்துக்கு எடை நூற்றுக்கு 16 ஏறியது, பணமோ நூற்றுக்கு 60க்கு மேல் ஏறியது. மறு வருடம் எடை நூற்றுக்கு 9 இறங்க, பணம் நூற்றுக்கு 20க்கு மேல் இறங்கிற்று. மரம் வெட்டினவன் தோளில் ஏறின சுமை எடைக் கணக்கில் இருக்கிறது. பணக் கணக்கில் இருப்பது சந்தை விலையின் ஆட்டம்.

ரப்பரிலும் இதுவேதான். 2011 பிப்ரவரியில் கிலோ 5 அமெரிக்க டாலருக்கு மேல் போயிற்று. 2016 தொடக்கத்தில் ஒன்றேகால் டாலர் அளவுக்கு வந்தது. விலை நாலில் ஒன்றானதால் கத்தி பிடித்தவன் நாலில் ஒரு மரமா சீவினான்? விலையோடு ஏறி இறங்குகிற கூலியை நம் அப்பாமார் நன்றாக அறிவார்கள். ஏறும்போது கொசுறு, இறங்கும்போது முழுசு.

ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், மதிப்பு விழுந்ததென்று சொன்னார்கள். எத்தனை டன் போயிற்று என்று நாங்கள் கேட்டோம். அந்தக் காகிதம் மேலிடத்தில் இருக்கிறது என்றார்கள். மூன்று பேச்சு நடந்தும் கீழே இறங்கி வரவில்லை!

எடை நம்மிடமே இருக்கிறது, தோழர்களே. கொழுந்து எடைச் சீட்டை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். வைத்திருக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் சற்று இருந்து போகவேண்டும். இரண்டு வருடச் சீட்டு சேர்ந்தால் போதும். அடுத்த பேச்சுக்கு முன் நானும் உங்கள் கிளைச் செயலாளரும் உட்கார்ந்து கூட்டிவிடுகிறோம்.