பலர் கூடி வரையும் தேசப்படம்



தேசப்படம் என்றால் அரசாங்க முத்திரையுடன் சுவரில் தொங்கும் தாள் என்றே நெடுங்காலம் எண்ணிப் பழகிவிட்டோம். அந்தத் தாளுக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்டால் விடை கூறுவது எளிது. நம் நாட்டில் 1767-ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய நில அளவைத் துறை அப்பொறுப்பை ஏற்று வந்திருக்கிறது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னையை அடுத்த பரங்கிமலைக்கு அருகே, ஏறத்தாழ 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வளர்ந்த அளவை இமயம் வரையில் சென்றது. எக்கருவியால், எவ்விதிப்படி அளக்கப்பட்டது என்பதெல்லாம் ஏடுகளில் பதிவாயிற்று.

இக்காலத்தில் வேறொரு வகைத் தேசப்படமும் வழங்குகிறது. அதனை வரைபவர்கள் உத்தியோகஸ்தர்கள் அல்லர். மாணவரும் ஆசிரியரும் வணிகரும் ஓய்வு பெற்றோருமாகிய பொதுமக்கள். இடங்காட்டும் செயற்கைக் கோள்களின் சைகையை அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கி வந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்கட்டுப்பாட்டை அது நீக்கவே, கையடக்கமான சிறு கருவி கொண்டு எவரும் தாம் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் வேறுபாட்டுக்குள் அறிய முடிந்தது. 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்னும் முயற்சியைத் தொடங்கினார். எவரும் சேர்க்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் கொள்கை. 2007-ஆம் ஆண்டில் மைக்கேல் குட்சைல்டு என்னும் புவியியல் பேராசிரியர், மக்கள் தாமே முன்வந்து அளிக்கும் இவ்வகைத் தகவலுக்குத் தனிப் பெயரிட்டு, அதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கினார்.

இதைப் பற்றி இருவேறு கருத்துகள் உலவுகின்றன. ஆயிரம் கண்கள் பார்க்கும்போது பிழை நிற்காது என்பர் சிலர். பயிற்சியில்லாதவர் வரைந்ததை எப்படி நம்புவது என்பர் வேறு சிலர். இரு சாராரும் மனிதர்களையே பார்க்கின்றனர்; அம்மனிதர்கள் எந்த ஏற்பாட்டுக்குள் இருந்து வேலை செய்கின்றனர் என்பதைப் பார்ப்பதில்லை. கருவி, வான்படம், சொற்பட்டியல், விதி, உரிமம், ஓய்வு நேரம் ஆகிய பலவும் கூடிய ஓர் அமைப்பிலிருந்தே இப்படம் பிறக்கிறது. அந்த அமைப்பை அறிந்தவரே படத்தைச் சரியாகப் படிக்க வல்லவர்.

2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி ஹைத்தி நாட்டை நிலநடுக்கம் தாக்கியது. தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சுக்கு அப்போது பயன்படத்தக்க விரிவான தெருப்படம் இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்த நூற்றுக்கணக்கான தொண்டர்கள் சில வாரங்களுக்குள் அந்நகரைப் படமாக்கினர். அவர்களுள் மிகப் பலர் ஹைத்தியைக் கண்ணாலும் கண்டவரல்லர். நல்லெண்ணம் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. செயற்கைக் கோள் நிறுவனங்கள் தம் படங்களைக் கட்டணமின்றித் திறந்துவிட்டன. எல்லோரும் ஒரே இடத்தில் வரையும் கணிப்பொறி ஏற்பாடு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. வரைந்ததை மீட்புப் பணியாளர் தம் கருவிகளில் ஏற்றிக்கொள்ள உரிமம் தடை செய்யவில்லை. ஆயினும் வானிலிருந்து கூரை தெரியுமேயன்றி, ஊரார் வழங்கும் தெருப் பெயர் தெரியாது. அதற்கு ஊர்க்காரரே வேண்டியிருந்தது.

இவ்வுண்மையை நேபாளம் மேலும் தெளிவாக்கியது. ‘காத்மாண்டு லிவிங் லேப்ஸ்’ என்னும் உள்ளூர் அமைப்பினர், 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் தேதி நிலநடுக்கம் வருவதற்கு முன்பே, காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் படத்தில் குறிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தனர். ஆதலின், ஆபத்து வந்தபோது வெளிநாட்டுத் தொண்டர்களின் உழைப்பைச் சேர்த்து வழிநடத்த அங்கேயே ஆட்கள் இருந்தனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த அமைப்பில் மிகவும் கருத்தைக் கவர்வது அதன் சொற்பட்டியல். படத்தில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளுக்கும் குறிச்சொல் இட வேண்டும். அச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. சாலைகளின் தரவரிசை பெரிதும் பிரிட்டனின் சாலை முறையை ஒட்டி எழுந்தது. நம் வண்டிப்பாதையை அப்பாகுபாட்டுக்குள் அடைப்பது ஒருவகை மொழிபெயர்ப்பே. இராமநாதபுரத்து விவசாயிக்குக் கண்மாய் வேறு, ஊருணி வேறு. முன்னது பாசனத்துக்கு, பின்னது குடிநீருக்கு. ஆனால் ஏரி, குளம், நீர்த்தேக்கம் என்று பொருள்படும் ஆங்கிலக் குறிச்சொற்களுள் ஒன்றையே இரண்டுக்கும் இட நேரலாம். அப்போது பெயர் மட்டும் தமிழில் நிற்கும், பயன் மறைந்துவிடக் கூடும்.

சொற்பட்டியலில் எது இடம்பெறுவது என்பதும் சிலருடைய தீர்ப்பே. குழந்தைக் காப்பகத்துக்குத் தனிக் குறிச்சொல் வேண்டும் என்ற முன்மொழிவு 2011-ஆம் ஆண்டில் வாக்கெடுப்பில் ஏற்கப்படவில்லை. மதுச்சாலை போன்ற இடங்களுக்கோ பல சொற்கள் இருந்தன. வாக்களித்தவருள் பெரும்பாலோர் ஆண்கள் என்பதோடு இதனைத் தொடர்புபடுத்தி, மோனிகா ஸ்டீபன்ஸ் என்னும் புவியியலறிஞர் 2013-ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர் அக்குறிச்சொல் வழக்குக்கு வந்துவிட்டது என்பதையும் கூற வேண்டும். அமைப்பு திருந்தக் கூடியது என்பதற்கு இதுவே சான்று.

இனி, வரைய நேரமுடையவர் யார் என்ற கேள்வி. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த முக்கி ஹாக்லே என்பவர் இங்கிலாந்தில் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அரசாங்கப் படத்துடன் ஒப்பிட்டு, 2010-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பொதுமக்கள் வரைந்த கோடுகள் சராசரியாக ஏறக்குறைய 6 மீட்டருக்குள் பொருந்தின. கைத்திறனில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் செல்வம் குறைந்த பகுதிகளில் படம் நிரம்பாமல் இருந்தது. கருவியும் ஓய்வும் உடையவர் தாம் வாழும், தாம் செல்லும் தெருக்களையே முதலில் வரைகின்றனர்.

காவல் முறையும் அமைப்பின் ஓர் அங்கம். கூகுள் நிறுவனமும் ‘மேப் மேக்கர்’ என்ற பெயரில் மக்களைக் கொண்டு படம் வரையும் ஏற்பாட்டை நடத்தி வந்தது. 2015-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்கு அருகே எவரோ வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று படத்தில் ஏறிவிடவே, அப்பணி சில மாதங்கள் நிறுத்தப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் முற்றிலும் மூடப்பட்டது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலும் குறும்பு நிகழ்வதுண்டு. எனினும் அங்கே ஒவ்வொரு திருத்தமும் செய்தவரின் பயனர் பெயரோடும் நாளோடும் பதிவாகிறது. அப்பதிவை எவரும் பார்க்கலாம், தவற்றை மாற்றலாம்.

நேயர்களே, இவற்றையெல்லாம் எண்ணும்போது, படத்தில் காணும் வெற்றிடத்துக்கு மூன்று பொருள் இருக்கக் கூடும் என்பது புலனாகும். அங்கே உண்மையிலேயே ஒன்றும் இல்லாமலிருக்கலாம். இருந்தும் எவரும் பார்க்காமலிருக்கலாம். பார்த்தும், குறிக்கச் சொல் இல்லாமலிருக்கலாம். இம்மூன்றையும் ஒன்றாகக் கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. வெள்ளக் காலத்தில் வீடுகளை எண்ணி உணவுப் பொட்டலம் அனுப்பும் அதிகாரி, படத்தில் இல்லாத குடியிருப்பை இல்லாத குடியிருப்பாகவே கொண்டுவிட்டால், பட்டினி கிடப்பவர் படத்தில் இல்லாத அந்த மக்களே ஆவர். அரசாங்கப் படமும் இதற்கு விலக்கன்று. வரி விதிக்கவும் படை நடத்தவும் வேண்டியவற்றை முதலில் அளந்த பழைய ஏற்பாட்டுக்கும் அதற்குரிய வெற்றிடங்கள் உண்டு.

2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சில வரையறைகளுக்கு உட்பட்டு, இந்தியர்கள் முன் அனுமதியின்றி நிலத் தகவலைத் திரட்டவும் படமாக்கவும் வழி திறந்தன. ஆகவே இப்பணி இனி நம் ஊர்களிலும் பெருகும். படத்தைப் பயன்படுத்துவோர், இத்தகவல் எந்நாளில், எதைப் பார்த்து, யாரால் சேர்க்கப்பட்டது என்று முதலில் விசாரிக்க வேண்டும். வரைய முன்வருவோர் தம் தெருவை முடித்தபின், எவரும் செல்லாத அடுத்த குடியிருப்புக்கும் சென்று, அங்குள்ளவரைக் கேட்டு, அவர்கள் வழங்கும் பெயராலேயே அதனைக் குறிக்க வேண்டும். அவ்வாறு செய்தால் பலர் கூடி வரையும் படம் பலருக்கும் உரிய படமாகும்.