மனநோயும் சிகிச்சையும்: கிளைகள் அறிய வேண்டியது

(கிளைச் செயலாளர்களுக்கான கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிளைக் கூட்டத்திற்கு ஒருநாளும் தவறாத தோழர் ஒருவர் மூன்று மாதமாக வருவதில்லை. கேட்டால் உடம்பு முடியவில்லை என்கிறார். பத்திரிகைக் கட்டு பிரிக்கப்படாமலே கிடக்கிறது. கிளையின் அறிக்கையிலோ "அரசியல் ஊக்கம் குன்றிவிட்டது" என்று ஒரு வரி ஏறுகிறது. அவர் இரவில் உறங்குகிறாரா, இரண்டு வேளையேனும் உண்கிறாரா என்று எவரும் விசாரித்ததாகக் குறிப்பில்லை. அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய பிழையாக இருக்கக்கூடும் என்பதே இன்றைய வகுப்பின் பொருள்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களுள் 26.4 சதவீதத்தினர் தினக்கூலித் தொழிலாளர்கள். கடன், வேலையின்மை, சாதி இழிவு, வீட்டிற்குள் பெண்கள் மீது நிகழும் வன்முறை ஆகியவற்றுக்கும் மனநோய்க்கும் உள்ள உறவை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உண்மையிலிருந்தே தவறான முடிவொன்றும் பிறக்கிறது. நோயின் வேர் சமூகத்தில் இருப்பதால் போராட்டம் ஒன்றே மருந்து, மாத்திரை வெறும் மழுப்பல் என்பது அம்முடிவு. காசநோயின் வேரும் வறுமையில்தான் இருக்கிறது. அதற்காகக் காசநோயாளியிடம் சமூக மாற்றம் வரும்வரை பொறுத்திரு என்று எவரும் சொல்வதில்லை. ஆறு மாத மருந்தும் வேண்டும். காற்றோட்டமான வீடும் வேண்டும்.

மனச்சோர்வு நோய் என்பது துயரத்தின் மறுபெயர் அன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடத்தல், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தன்னையே பழித்துக்கொள்ளுதல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுள் பல சேர்ந்து வந்து அன்றாட வாழ்வை முடக்கினால் அது நோய். உழைக்கும் மக்கள் பலர் இதை மனத்தின் மொழியில் சொல்வதில்லை. தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, அசதி என்றே மருத்துவமனைக்குப் போகிறார்கள். சத்து மாத்திரையோடு திரும்புகிறார்கள்.

பொருத்தமான சிகிச்சை நோய்க்கு நோய் வேறுபடும். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாகலாம். கடுமையானதற்கு மருந்தும் தேவை. அம்மருந்து தலைவலி மாத்திரை போல உடனே கேட்பதில்லை. பயன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே தலைகாட்டும். பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுவது இதனால்தான். நலமான பிறகும் ஆறு மாதமேனும் தொடர வேண்டும். நிறுத்துவதும் மருத்துவர் சொற்படி, படிப்படியாக. எண்ணச் சுழற்சி நோயாளிக்குக் "கவலைப்படாதே" என்னும் ஆறுதலால் பயனில்லை. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு, திரும்பத் திரும்பக் கைகழுவாமல் இருக்கப் பழக்கும் தனிப் பயிற்சி அவருக்கு உண்டு. இருதுருவ நோயில் சோர்வை மட்டும் கண்டு சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நோயாளி மிகையெழுச்சிக்குத் தாவிவிடக்கூடும். ஆகவே முன்பு எப்போதேனும் உறக்கமே இன்றி, அளவிறந்த உற்சாகத்தோடு, கைப்பணத்தை வாரியிறைத்த நாட்கள் இருந்தனவா என்பதை உடன் செல்பவர் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். (அந்த நாட்களைச் செயல்வீரம் என்று கிளை பாராட்டியும் இருக்கலாம்.) மனச்சிதைவு நோயில் மருந்தே முதன்மை; எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். பேச்சுவழிச் சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்றவர் மருத்துவ உளவியலாளர். "ஆலோசகர்" என்று பலகை மாட்டியிருப்பவரிடம் என்ன படித்தார் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மருத்துவர்கள் போதவில்லை என்பது உண்மை. நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இந்தப் பற்றாக்குறையிலும் வழி உண்டு என்பதற்குக் கோவாவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு சான்று. மருத்துவக் கல்வி இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியளித்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு நோயாளிகளுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். கைவிட்ட அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக மீட்டுக்கொள்ள வைப்பதே அதன் சாரம். மூன்று மாதத்தில் அவர்களுள் 64 சதவீதத்தினர் நோய் தணிந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். கொள்கை வகுப்போர் இதைக் காட்டி மருத்துவர் பணியிடங்களைக் குறைக்கவும், ஆஷா ஊழியர்களின் தலையில் ஊதியமில்லாமல் இன்னொரு வேலையைக் கட்டவும் கூடும். அதை எதிர்ப்பதும் அவசியம்.

1912ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டம் நோயாளியைப் "பைத்தியம்" என்றே பெயரிட்டது. அது சுதந்திரத்திற்குப் பின்னும் நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. சட்டம் மாறியும் சங்கிலி மாறவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, கட்டிப்போடப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் சேவையில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்குகிறது. வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளவர்க்கு, அட்டை இல்லாவிடினும், அது இலவசம். காப்பீட்டு நிறுவனம் உடல்நோய்க்கு ஒரு நீதி, மனநோய்க்கு வேறொரு நீதி என்று நடக்க முடியாது. இந்தப் பிரிவுகளை எழுதிக்கொண்டு போய்க் கேட்டால்தான் அலுவலகங்கள் அசைகின்றன.

மும்பையிலோ தில்லியிலோ கூலிவேலை செய்யும் தமிழருக்கு இன்னொரு தடையும் உண்டு. பேச்சே சிகிச்சையாகும் இடத்தில் மொழி தெரியாவிட்டால் சிகிச்சையே இல்லை. பள்ளி செல்லும் மகளை மொழிபெயர்க்க உட்காரவைத்தால், கணவனின் அடியைப் பற்றித் தாய் வாய்திறப்பாளா? மொழியறிந்த, குடும்பத்திற்கு வெளியே உள்ள தோழியர் ஒருவர் உடன் செல்வது நல்லது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை, இரவிலும் இயங்கும்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. கேட்க வேண்டும். உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து முதலியவற்றை வீட்டிலிருந்து அகற்றி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவசரமில்லாத நிலையில், மாவட்ட மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தெந்த நாட்களில் இயங்குகிறது என்று முன்பே விசாரித்துக்கொள்ளலாம். அன்றைய கூலி இழப்பைக் கிளை நிதியிலிருந்து ஈடுசெய்வதற்குத் தீர்மானம் போதும்.