மின்விசைப் பலகையில் வாத்திய நாதம்

மட்டாஞ்சேரியில் வாழும் நமக்கு ஆர்மோனியம் அந்நியமன்று. 2018-இல் மறைந்த இவ்வூர்க் கஜல் பாடகர் உம்பாயி அதனோடு பாடியதைக் கேட்டிருக்கிறோம். ஆயினும், கமகத்துக்கு இடந்தராது என்று அகில இந்திய வானொலி 1940-இல் அவ்வாத்தியத்தை விலக்கிற்று. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது.

அதே வினா இன்று, துணையிசையையும் தாளத்தையும் தானே கூட்டும் மின்விசைப் பலகைகளைக் குறித்தும் எழுகின்றது. 2017-இல் வெளிவந்த யமஹா ஜெனோஸ் போன்ற உயர்விலைக் கருவிகளில் ஒலிக்கும் குழலும் வயலினும் பெரும்பாலும் மெய்யான வாத்தியங்களின் ஒலிப்பதிவுகளே. ஆதலின் தனி ஸ்வரம் ஒன்றைக் கேட்டு மயங்கலாகாது.

வாங்க விழைவோர் முதலில் எதிரொலியையும் துணையிசையையும் நிறுத்திவிடுக. பிறகு ஒரே விசையை மெல்லவும் வலிந்தும் அழுத்துக. ஓசையின் அளவு மட்டுமன்றி நாதத்தின் தன்மையும் மாறவேண்டும். இறுதியாக, ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு இழைந்து செல்லுமாறு வாசிக்கச் செய்க. உயர்வு தாழ்வு அங்கேதான் வெளிப்படும்.

ஆனால் ஒப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டுமன்றோ? பிறமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் நாகஸ்வரத்தை இப்பெட்டியின் வாயிலாக மட்டுமே அறிதல் தகாது. கோயில் திருவிழாவில் ஒருநாளேனும் மெய்யான நாகஸ்வரத்தை அவர்கள் கேட்கட்டும். அச்செவியே பின்னர் எக்கருவியையும் எடைபோடும்.