தண்டியடிகளின் கயிறும் நமது குளங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருக்கோயில் ஒன்றுக்குச் சிறப்புத் தருவன மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்று என்று நம் முன்னோர் கூறிவைத்தனர். மூர்த்திக்கு நாம் குறை வைப்பதில்லை. தலத்துக்கும் குறை வைப்பதில்லை. கோபுரம் எழுப்புகிறோம், மண்டபம் கட்டுகிறோம், கும்பாபிஷேகம் செய்கிறோம். மூன்றாவதாகிய தீர்த்தத்தை என்ன செய்தோம்? இந்த வினாவையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். ஆதலினால் சமயம் பேசும் மன்றத்தில் தண்ணீர் பேசுவது பொருத்தமற்றது என்று ஒருவரும் எண்ணமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறு என்று நாம் பெருமையோடு சொல்வதும் மாரியில் மாத்திரம் ஓடி, அராலிப் பக்கத்திலே கடல்நீரேரியில் விழுந்துவிடுவது. மேகத்தைத் தடுத்து நிறுத்தும் மலையும் நமக்கில்லை. நமக்கு இருப்பது மழை ஒன்றே. சராசரியாக ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களுக்குள்ளே கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதத்து வரவைக்கொண்டே பன்னிரண்டு மாதச் செலவையும் நடத்தல் வேண்டும்.

அந்த வரவு சேமிக்கப்படும் பெட்டகம் எது? நம் காலின் கீழே உள்ள சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் துளையும் குகையும் நிறைந்த கல். மழைநீர் அதனுள் இறங்கி, கீழே நிற்கும் உப்புநீரின்மேல் பாலின்மேல் ஆடை மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடிநீர் ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் சிந்தித்துப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடி நன்னீரை நாம் இழக்கிறோம். கிணறு உவர்த்துப்போயிற்று என்று நாம் பெருமூச்சு விடுவதன் காரணம் இதுவே.

இந்தப் பெட்டகத்துக்கு நீர் இறங்கும் வாயில்களே குளங்களும் கேணிகளும். நகரத்தினுள்ளேயே எத்தனை! ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம், நல்லூர் அரசர் காலத்ததென்று போற்றப்படும் யமுனாஏரி. இவற்றோடு கோயில்தோறும் கேணி. இவை அழகுக்காக வெட்டப்பட்டன அல்ல. மாரி வெள்ளத்தைக் கடலுக்கு ஓடவிடாமல் மறித்து, சிலகாலம் தங்கவைத்து, மெல்லமெல்ல நிலத்தினுள் இறக்குவதற்காக வெட்டப்பட்டன. குளம் நிரம்பினால் அயலிலுள்ள கிணறுகள் ஊறும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த விஞ்ஞானம்.

ஆனால் குளம் தனியே நிற்பதன்று. அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் உண்டு. வாய்க்காலுக்கு நீர் கொடுக்கும் ஒழுங்கை உண்டு. ஒழுங்கைக்கு நீர் கொடுக்கும் வளவும், வளவுக்கு நீர் கொடுக்கும் கூரையும் உண்டு. இவை யாவும் சேர்ந்ததே ஒரு குளத்தின் நீரேந்து பரப்பு. காட்டிலும் மலையிலுமே நீரேந்து பரப்பு இருக்கும் என்று எண்ணவேண்டாம். நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு குளத்தின் நீரேந்து பரப்பிலேதான் குடியிருக்கிறீர்கள். உங்கள் வாயிலில் எறிந்த பொலித்தீன் பை அடுத்த மழைக்கு எங்கே போகும் என்பதை நீர் அறியும், நாம்தான் அறிந்துகொள்வதில்லை.

இன்றைய நிலை என்ன? வெள்ளவாய்க்கால்கள் பல இடங்களில் மதிலுக்குள்ளே போய்விட்டன. சில இடங்களில் மண் போட்டு நிரப்பி வாசல் அமைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சியவற்றில் குப்பையும் போத்தலும் அடைத்து நிற்கின்றன. மதவு இருக்கிறது, அதனூடே போவதற்கு நீர்தான் வருவதில்லை. விளைவு யாது? மாரியில் வீட்டுக்குள் வெள்ளம். கோடையில் கிணற்றுக்குள் வறட்சி. இவை இரண்டு நோய்கள் அல்ல, ஒரே நோயின் இரண்டு முகங்கள். 2008 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நிஷா புயல் மழை கொட்டியபோது, பல்லாயிரம் குடும்பங்கள் வெள்ளத்தால் அல்லலுற்றதை நம்மிற் பலர் கண்ணாரக் கண்டோம். அந்த வெள்ளம் முழுவதும் நமக்கு வந்த செல்வம். அதை வைத்துக்கொள்ள இடமில்லாமற் செய்துவிட்டு, வெள்ளம் கெடுத்தது என்று வெள்ளத்தின்மேல் பழி சொல்கிறோம்.

அளவு குறைவதோடு தூய்மையும் கெடுகிறது. சுண்ணாம்புக்கல் மணலைப்போல வடிகட்டித் தருவதில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே கிணற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மலக்குழியிலிருந்தும், தோட்டத்துக்கு இடும் உரத்திலிருந்தும் நைத்திரேற்று என்னும் பொருள் நிலத்தடிநீரிற் கலக்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. வலிகாமத்திலே பல கிணறுகள் அந்த எல்லையைக் கடந்திருக்கின்றன என்பது ஆய்வுகளால் வெளிப்பட்டிருக்கிறது. பால்மாவைக் கரைத்து ஊட்டப்படும் பச்சிளங் குழந்தைகளுக்கே இதனால் பெரும் ஆபத்து. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதையும் நீங்கள் அறிந்ததே. அது நீதிமன்றம் வரை சென்று, 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப்பணித்தது. தீர்ப்பு வந்தது நல்லதே. ஆயினும் எண்ணெய் இறங்கிய கல்லைக் கழுவித் தருவதற்கு எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. ஆதலினால் வருமுன் காத்தலே வழி.

இவ்விடத்தில் பெரியபுராணத்து அடியார் ஒருவரை நினைவுகூர்தல் வேண்டும். அவர் தண்டியடிகள் நாயனார். பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருவாரூர்த் திருக்கோயிலின் மேற்றிசையிலுள்ள திருக்குளம் இடம் குறைந்து தூர்ந்துகிடப்பதை அறிந்து உள்ளம் வருந்தினார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி, மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்து, மீண்டும் கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையிற் கொட்டினார். தடுத்தவர்களும் நகைத்தவர்களும் உண்டு. அவர் நிறுத்தவில்லை. அவருக்குக் கண் கிடைத்ததைச் சொல்லிக் கைகூப்புகிறோம், அது தக்கதே. ஆனால் வாலிப அன்பர்களே, அந்தக் கயிற்றையும் சிறிது கவனியுங்கள். அன்பு மாத்திரம் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. எங்கே வெட்டுவது, எங்கே கொட்டுவது என்று அளந்து, வழி வகுத்துக்கொண்டு வேலை செய்தார். நாள்தோறும் செய்தார்.

நமது தொண்டில் குறைவது மண்வெட்டி அன்று, அந்தக் கயிறே. சிரமதானம் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1958 ஆம் ஆண்டில் கொழும்பிலே ஏ. ரி. ஆரியரத்தின என்னும் ஆசிரியர் தம் மாணவரை ஒரு பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்றதிலிருந்து அச்சொல் ஊரெங்கும் பரவிற்று. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே திருநாவுக்கரசு சுவாமிகள் உழவாரப்படை ஏந்திக் கோயில் வீதிகளைத் திருத்தினார். தொண்டு நம் இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் விழாவுக்கு முதல்நாள் குளக்கரையில் கூடி, ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவித்து, படம் எடுத்துக்கொண்டு பிரிந்துபோவதால் குளம் திருந்துமா? அடுத்த மழைக்கு அது மீண்டும் குளத்தினுள்ளேதான் போகும். ஆண்டுக்கு ஒருநாள் நூறு பேர் செய்யும் வேலையிலும், வாரந்தோறும் ஐந்து பேர் செய்யும் வேலை பெரிது.

எவ்வாறு தொடங்கலாம்? நமக்குத் தோன்றியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, மழையிலே நடத்தல். நல்ல மழை பெய்யும்போது வாலிபர் இருவர் இருவராகக் குடை பிடித்துக்கொண்டு, தம் ஒழுங்கையிலே நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தடைப்பட்டுத் தேங்குகிறது என்று பார்த்து ஒரு தாளிற் குறித்தல் வேண்டும். கோடையிற் காணமுடியாத வாய்க்கால் மாரியில் தானே தன்னைக் காட்டும். இந்தப் படமே நமது கயிறு.

இரண்டாவது, வேலையின் ஒழுங்கு. முதலில் கழிவுநீர் வரும் வழியை அடைத்தல் வேண்டும். அடுத்து வாய்க்காலைத் துப்புரவாக்கல் வேண்டும். அதன் பின்னரே குளத்தைத் தூர்வாரல் வேண்டும். அழுக்கு வரும் குளத்தை ஆழமாக்கினால், அயற்கிணறுகளுக்கு அழுக்கை விரைவாக அனுப்பியவர்களாவோம். கரையோரப் பகுதிகளில் அளவுக்குமேல் வெட்டினால் உவர்நீர் தலைகாட்டும். ஆகவே பொறியியல் அறிந்தாரைக் கேளாமல் மண்வெட்டி எடுத்தல் ஆகாது. இவ்வேலை ஆவணி, புரட்டாதியில், மழைக்கு முன்னரே முடிதல் வேண்டும். அடியையும் சீமெந்தால் பூசி, நீர் வரும் வழியையும் மூடிவிட்டால் அது குளமன்று, பெரியதொரு தொட்டி.

மூன்றாவது, அளந்து பார்த்தல். குளத்தின் அயலிலே நாலைந்து வீட்டுக் கிணறுகளைத் தெரிந்து, மாதம் ஒருமுறை கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டத்தைக் கொப்பியில் எழுதிவைத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்யலாம். மூன்று ஆண்டுகள் எழுதினால் அந்தக் கொப்பி, நமது தொண்டு பயன்பட்டதா இல்லையா என்பதற்குச் சாட்சி சொல்லும்.

நான்காவது, கூரை. 100 சதுர மீற்றர் கூரையின்மேல் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் நீர் விழுகிறது. ஆண்டு மழை முழுவதையும் கணக்கிட்டால் 125,000 லீற்றர். அதைத் தெருவுக்கு விடாமல், தொட்டியிலோ, மலக்குழிக்கு எட்டத்திலே வெட்டிய கல்லும் மணலும் இட்ட குழியிலோ சேர்த்தால், ஒவ்வொரு வளவும் ஒரு சிறு குளமாகும். சங்கக் கட்டிடமும் கோயில் மண்டபமும் இதில் முன்மாதிரியாக நிற்றல் வேண்டும். திருவிழாக் காலத்தில் பொலித்தீனும் மாலைகளும் கேணியில் விழாமற் காப்பதும் வாலிபர் பொறுப்பாகட்டும்.

இவையெல்லாம் மாநகரசபையின் வேலை அல்லவா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெரிய வடிகால் அமைப்பதும், குப்பை ஏற்றுவதும், அத்துமீறிய மதிலை அகற்றுவதும் சபையின் கடமைதான். அதைத் தட்டிக் கேட்பதும் தொண்டின் ஒரு பகுதியே. 2021 ஆம் ஆண்டில் ஆரியகுளம் புனரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டதைக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் புனரமைப்பது சில மாத வேலை. காப்பது தலைமுறை வேலை. சபை அலுவலர் மாறுவர்; குளக்கரையிற் குடியிருப்போர் மாறுவதில்லை.

கடல்நீரை நன்னீராக்கித் தரும்போது குளம் எதற்கு என்று கேட்போரும் உளர். தாளையடியில் 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட நிலையம், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை ஆக்கும் ஆற்றலுடையது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதற்கு மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். தோட்டத்துக்கும் மரத்துக்கும் அது எட்டாது. மழைக்கு நாம் கட்டணம் செலுத்துவதில்லை. 1954 ஆம் ஆண்டில் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள், ஆனையிறவு, வடமராட்சி நீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரலாம் என்று திட்டமிட்டார். அப்பெருந்திட்டம் முற்றுப்பெறாமற் போனது. பெரியது முடியவில்லை என்பதற்காகச் சிறியதைக் கைவிடலாமா?

பெரியோர்களுக்கும் பணிவோடு ஒன்று சொல்வோம். எந்த வாய்க்கால் எந்த வழியால் ஓடியது என்பது உங்கள் நினைவில் இருக்கிறது. வாலிபர் அதை அறியார். அதைச் சொல்லிவையுங்கள். உங்கள் வேலிக்குள்ளே வாய்க்காலின் ஒரு முழம் வந்திருந்தால், அதை விட்டுக்கொடுங்கள். அந்த ஒரு முழம் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டுவதிலும் பெரிய புண்ணியமாகும். இன்னும் ஒன்று. இன்னார் இந்தக் கிணற்றில் அள்ளலாகாது, இன்னார் இந்தக் கேணியில் இறங்கலாகாது என்று விலக்கிவைத்த காலம் நம் ஊர்களில் இருந்தது. நிலத்தின் கீழே நீர் அத்தகைய வேலி ஒன்றையும் அறிந்ததில்லை. ஒரு வளவின் அழுக்கு எல்லாருடைய கிணற்றுக்கும் போகிறது. ஒரு குளத்தின் நிறைவு எல்லாருடைய கிணற்றையும் ஊற்றெடுக்கச் செய்கிறது. ஆகவே இந்தத் தொண்டில் எல்லாக் குறிச்சி வாலிபரும் ஒரே கடகத்தைக் கைமாற்றுதல் வேண்டும். அவ்வாறு செய்யாத குளத்தொண்டு அரைத்தொண்டே.

அன்பர்களே, மாரி தொடங்குமுன் நமக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒவ்வொரு குறிச்சியும் ஒரு குளத்தையோ கேணியையோ தெரிந்து, ஐந்து பேரைப் பொறுப்பாக்கி, ஒரு கொப்பியை வாங்கித் தலைப்பை எழுதுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் சொற்பொழிவு குறையட்டும். அந்தக் கொப்பிகள் இம்மேடையில் வாசிக்கப்படட்டும். மூர்த்தியையும் தலத்தையும் போலத் தீர்த்தத்தையும் பேணும் அறிவையும் உறுதியையும் எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.